சகலை ஓட்டிய வண்டி

பவுல்சாமிக்குத் தன் சகலை ஃபிரெட்ரிக் மேல் பொறாமை எப்போது தொடங்கியது என்று கேட்டால், அவரால் எந்த நாள் என்றுகூடச் சொல்ல முடியும். 1993, ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு. மந்தைவெளியில் மாமியார் வீட்டுச் சாப்பாடு. பெரிய மருமகனான அவருக்கு வஞ்சிரத்தின் வால் துண்டு வந்தது. கல்யாணமாகி நாலே மாதமான சின்ன மருமகன் ஃபிரெட்ரிக்கின் தட்டில் நடுத்துண்டு விழுந்தது. அதுவரை பதினாறு வருஷம் அந்த நடுத்துண்டு பவுல்சாமியுடையது.

யாரிடமும் சொல்லவில்லை. மீனுக்காகவா ஒரு மனுஷன் வருத்தப்படுவான் என்று அவரே தன்னைக் கேட்டுக்கொண்டார். ஆனால் சாந்தோமில் மாதா கோயிலுக்குப் பின்னால் இருக்கும் தன் வீட்டுக்குச் சைக்கிளை மிதித்துக்கொண்டு வரும்போது, பின்னால் உட்கார்ந்திருந்த மனைவி மர்சலினிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

அவர் லாரி டிரைவர். சினிமா ஷூட்டிங்குகளுக்கு விளக்கும் ஜெனரேட்டரும் வாடகைக்கு விடுகிற ஒரு கம்பெனியில் பத்தொன்பது வருஷமாக விளக்கு லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். கம்பெனியின் ஷெட் அசோக் நகரில் இருந்தது. தலக்கோணம், ஒகேனக்கல், மூணாறு என்று அவர் போகாத லொக்கேஷன் இல்லை. ஒரு தடவைகூட வண்டியை எங்கேயும் இடித்ததில்லை. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளவும் மாட்டார். பிறர் சொல்லவேண்டும் என்று எதிர்பார்ப்பார், யாரும் சொல்வதில்லை.

ஃபிரெட்ரிக்கை அந்தக் கம்பெனியில் சேர்த்துவிட்டதே அவர்தான். காசிமேட்டில் ஐஸ் லாரி ஓட்டிக்கொண்டிருந்த பையன். மர்சலினின் தங்கை லிண்டாவைக் கட்டிய பிறகு, "மாமா, அவுருக்கும் ஒங்க கம்பெனியிலே ஒரு வேல பாத்துக் குடுங்க" என்று லிண்டா கேட்டாள். பவுல்சாமி மேனேஜர் அனந்தராமனிடம் சொல்லி வாங்கிக் கொடுத்தார். அனந்தராமன் மயிலாப்பூர்க்காரர். நெற்றியில் விபூதியும் கையில் அட்டை போட்ட நோட்டுமாக ஷெட்டுக்கு வந்தால், அங்கே அவர் சொன்னதுதான் சட்டம்.

ஃபிரெட்ரிக் எல்லோருக்கும் பிடித்தவனாக இருந்தான். லைட்மேன்களோடு கேரம் ஆடுவான். கேமரா உதவியாளர்களுக்குப் பேர் வைத்துக் கூப்பிடுவான். அனந்தராமன் சிரித்துப் பவுல்சாமி பார்த்ததே இல்லை. ஃபிரெட்ரிக் வந்த மூன்றாவது மாதம் பார்த்தார்.

1995 கடைசியில் கம்பெனிக்குப் புது ஜெனரேட்டர் லாரி வந்தது. மெட்ராசிலேயே சத்தம் குறைந்த ஜெனரேட்டர் என்று பேசிக்கொண்டார்கள். அது தனக்குத்தான் என்பதில் பவுல்சாமிக்குச் சந்தேகமே இல்லை. வண்டி வந்த அன்று சாயங்காலம் ஷெட்டில் யாரும் இல்லாதபோது சீட்டில் ஏறி உட்கார்ந்தார். சைடு கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பி வைத்தார். டாஷ்போர்டில் ஒட்ட ஒரு வேளாங்கண்ணி மாதா படமும் வாங்கி வைத்தார்.

மறுநாள் சாவி ஃபிரெட்ரிக்கிடம் போனது.

"ஒனக்கு மூக்குக்கண்ணாடி போட்டாச்சே பவுல்சாமி," என்றார் அனந்தராமன். "ஜெனரேட்டர் வண்டின்னா ராத்திரி பகல் பாக்காம ஓட்டணும். அவன் சின்ன வயசு."

படம் சட்டைப் பையிலேயே வீட்டுக்குத் திரும்பி வந்தது. மர்சலின் துவைக்கும்போது எடுத்து, தையல் மெஷின் டிராயரில் போட்டாள்.

அடுத்த வருஷம் பிப்ரவரியில் ஜவ்வாது மலையில் ஒரு பாட்டு ஷூட்டிங். அருவிக்குப் பக்கத்தில் எடுக்கவேண்டும் என்று டைரக்டர் பிடிவாதமாக இருந்தார். தார் ரோடு முடிந்த பிறகு அருவிக்கு ஏழு கிலோமீட்டர். புளி லோடு ஏற்றப் போகும் லாரிகள் போட்ட தடம்தான் வழி. ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் பள்ளம், நடுவில் முழங்கால் ஆழத்துக்குச் சக்கரத் தடம்.

காலை ஏழு மணிக்குப் போளூர் தாண்டி ஒரு டீக்கடையில் வண்டிகள் நின்றன. பவுல்சாமி வழக்கம்போலத் தன் லாரியைச் சுற்றி வந்து டயர்களைத் தட்டிப் பார்த்தார். அப்படிக் குனிந்தபோது, பக்கத்தில் நின்ற ஜெனரேட்டர் லாரியின் அடிப்பகுதி கண்ணில் பட்டது. முன் சக்கரத்துக்குப் பக்கத்தில், ஸ்டியரிங் பெட்டியிலிருந்து சக்கரத்துக்கு வரும் நீளக் கம்பியின் முனை. அந்த முனையை ஒரு நட் பிடித்துக்கொண்டிருக்கும். நட் கழன்றுவிடாமல் குறுக்கே ஒரு காட்டர் பின் செருகியிருக்கும். நட் இருந்தது. பின் இல்லை. ஓட்டை வழியாக வெளிச்சம் தெரிந்தது. போன வாரம்தான் அந்த வண்டி ஒர்க்‌ஷாப்புக்குப் போய் வந்திருந்தது. மாட்டியவன் மறந்திருக்கிறான்.

பவுல்சாமி நிமிர்ந்தார். "ஃபிரெட்ரிக்கு..." என்று வாயைத் திறந்தார்.

ஃபிரெட்ரிக் அனந்தராமனுக்கு டீ கிளாஸை நீட்டிக்கொண்டிருந்தான். அனந்தராமன் இவரைப் பார்த்துச் சொன்னார்: "பவுல்சாமி, நான் ஜீப்புல முன்னாடி போய்டறேன். அதுக்கப்பறம் ஃபிரெட்ரிக் போகட்டும். நீ கடைசியா வா. ஒன் வண்டி ஏத்தத்துல நின்னுடுத்துன்னா எல்லாரும் பின்னாடி மாட்டிண்டு முழிக்கணும்."

லைட்மேன்கள் சிரித்தார்கள். ஃபிரெட்ரிக்கும் சிரித்தான். அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. சிரிக்கிற இடத்தில் சிரிக்கிற ஆள் அவன். "இன்னா சகல, கூப்ட்டியா?" என்று திரும்பினான்.

"ஒண்ணுமில்ல. டீ ஆறுது, குடி," என்றார் பவுல்சாமி.

அவ்வளவுதான் நடந்தது. வாழ்நாள் முழுக்க அந்த நாலு வார்த்தைகளை அவர் நினைத்துக்கொண்டே இருந்தார். அந்த நேரத்தில் அவருக்குள் ஓடியது இதுதான்: நட் இறுக்கமாகத்தான் இருக்கும். அப்படியே லூசானாலும் ஸ்டியரிங் ஆட்டம் கொடுக்கும். ஃபிரெட்ரிக் வண்டியை நிறுத்தவேண்டி வரும். மேனேஜர் முன்னால் தலை குனியட்டும். சின்ன வயசு டிரைவர் லட்சணம் தெரியட்டும். அதற்கு மேல் எதுவும் நடக்கும் என்று அவர் நினைக்கவில்லை. நினைக்க விரும்பவில்லை.

ஜீப் போய் அரைமணி நேரம் கழித்து ஜெனரேட்டர் லாரி தடத்தில் இறங்கியது. அதில் ஃபிரெட்ரிக்கும் ஜெனரேட்டர் ஆபரேட்டரும் இருந்தார்கள். பின்னால் விளக்கு லாரியில் பவுல்சாமியும் இரண்டு லைட்மேன்களும்.

முதல் இரண்டு கிலோமீட்டர் ஏற்றம். புது வண்டி அலட்சியமாக ஏறியது. அது ஏறுகிற அழகைப் பார்த்துப் பவுல்சாமியின் வயிறு எரிந்தது. தன் வண்டி முதல் கியரில் முனகிக்கொண்டு வந்தது. மூன்றாவது கிலோமீட்டரில் கல் தடம். முன்னால் போகும் வண்டியின் இடது முன் சக்கரத்தையே அவர் பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு குழியில் இறங்கி ஏறியபோது அந்தச் சக்கரம் தலையை ஆட்டியது. ஸ்டியரிங்குக்குக் கட்டுப்படாத ஆட்டம். இன்னொரு குழி. மறுபடியும் ஆட்டம்.

தடம் அங்கிருந்து கீழே இறங்கத் தொடங்கியது. அடியில் ஓடை. ஓடைக்கு முன் வலது பக்கமாக ஒரு திருப்பம். இடது பக்கம் பள்ளம்.

பவுல்சாமியின் கை ஹாரனுக்குப் போனது. விடாமல் அடித்தார். ஃபிரெட்ரிக்கின் கை ஜன்னலுக்கு வெளியே வந்து, 'இரு இரு' என்று காட்டியது. வழி கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டான். இந்தச் சந்தில் எப்படி வழி விடுவது, இவருக்கு அப்படி என்ன அவசரம் என்று அவனுக்கு எரிச்சல். பவுல்சாமி தலையை வெளியே நீட்டி, "நிறுத்துரா! டேய், நிறுத்துரா!" என்று கத்தினார். இரண்டு இன்ஜின் சத்தத்தில் அது எங்கே கேட்கும்?

திருப்பத்தில் ஃபிரெட்ரிக் ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடித்தான். ஸ்டியரிங் சுற்றியது. சக்கரம் திரும்பவில்லை. கம்பி முனை கழன்று தரையில் இழுபட்டது. வண்டி நேராகப் பள்ளத்தைப் பார்த்துப் போனது.

ஆபரேட்டர் கதவைத் திறந்து குதித்துவிட்டார். ஃபிரெட்ரிக் குதிக்கவில்லை. பிரேக்கை ஒரேயடியாக மிதித்தால் அவ்வளவு பாரத்தோடு சரளைக்கல்லில் வண்டி வழுக்கும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. விட்டு விட்டு மிதித்தான். முதல் கியருக்கு இறக்கினான். வெற்று ஸ்டியரிங்கை ஒரு கையில் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் ஹேண்ட் பிரேக்கை இழுத்தான். ஒரு கல்லில் சக்கரம் மோதிய வேகத்தில் ஸ்டியரிங் எதிர்ப்பக்கம் சுழன்று அவன் மணிக்கட்டை அடித்தது. இடது முன் சக்கரம் விளிம்பைத் தாண்டிக் காற்றில் தொங்கியது. அடிச்சட்டம் ஒரு பாறையில் உட்கார்ந்தது. வண்டி நின்றது.

பவுல்சாமி இறங்கி ஓடினார். ஓடும்போதே ஒரு எண்ணம் அவருக்குள் வந்தது. அதற்காகவும் பிறகு வெட்கப்பட்டார். 'நானா இருந்தா குதிச்சிருப்பேன்.' அவன் குதிக்கவில்லை என்பதிலும் அவருக்குப் பொறாமை.

"சகல," என்றான் ஃபிரெட்ரிக். உதடு வெளுத்திருந்தது. "தொடாத சகல. வண்டி ஆடுது."

"நீ நகராத. பிரேக்க வுட்றாத. நான் பாத்துக்கறேன்."

அதன் பிறகு ஒரு மணி நேரத்துக்கு அவர் வேறு எதையும் நினைக்கவில்லை. முதலில் பின் சக்கரங்களுக்கு முன்னால் கல் கொடுத்தார். தன் லாரியைப் பின்னாலேயே நிறுத்தி, இரும்புச் சங்கிலியால் இரண்டு வண்டியையும் கட்டினார். அதற்குப் பிறகுதான் ஃபிரெட்ரிக்கை வலது கதவு வழியாக மெதுவாக இறங்கச் சொன்னார். தொங்கிய சக்கரத்துக்கு அடியில் லைட்மேன்கள் கல்லை அடுக்கிக் கொடுக்க, ஜாக்கி வைத்துத் தூக்கி, இன்னும் கல் அடுக்கி ஒரு தரை உண்டாக்கினார்கள். கடப்பாரையால் நெம்பிச் சக்கரங்களை நேராக்கினார்கள். ஆபரேட்டருக்கு லாரி ஓட்டத் தெரியும். அவரை விளக்கு லாரியில் ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிவிட்டு, பவுல்சாமி ஜெனரேட்டர் லாரியில் ஏறி அதையும் ரிவர்ஸில் கொடுத்தார். சங்கிலி முறுக்கி நின்றது. வண்டி ஒரு அடி, இரண்டு அடி, பிறகு மொத்தமாகத் தடத்துக்கு வந்தது.

கம்பி முனையை அதன் ஓட்டையில் திரும்பப் பொருத்திவிட்டார். நட் இல்லை. தடம் முழுக்கத் தேடினார்கள். புழுதியில் ஒரு நட்டை எங்கே தேடுவது?

"ஜெனரேட்டர் போலன்னா ஷூட்டிங்கே கெடையாதுண்ணே," என்றார் ஒரு லைட்மேன். "மேனேஜர் கொன்னுடுவாரு."

பவுல்சாமி தன் லாரிக்கு அடியில் படுத்தார். இரண்டும் ஒரே கம்பெனி வண்டிகள். தன் வண்டியின் நட்டையும் பின்னையும் கழற்றிக்கொண்டு வந்து ஜெனரேட்டர் லாரியில் மாட்டினார். பழைய பின் பாதியில் ஒடிந்துபோனது. லைட்மேன்கள் வைத்திருந்த கட்டுக்கம்பியை இரட்டையாக முறுக்கி ஓட்டையில் செருகி மடக்கினார். ஆபரேட்டரை ஸ்டியரிங்கைக் கோடிக்குக் கோடி திருப்பச் சொல்லி, அடியில் படுத்தபடியே பத்துத் தடவை பார்த்தார்.

ஃபிரெட்ரிக்கின் மணிக்கட்டு பன் ரொட்டி மாதிரி வீங்கிவிட்டது. "நீயே ஓட்டு சகல," என்றான்.

விளக்குகளை அப்புறம் ஜீப்பில் நடை நடையாக ஏற்றிக்கொள்ளலாம் என்று, விளக்கு லாரிக்குக் காவலாக இரண்டு லைட்மேன்களையும் விட்டுவிட்டு, பவுல்சாமி அந்த சீட்டில் உட்கார்ந்தார். சைடு கண்ணாடி வேறு யாரோ ஒருவர் உயரத்துக்கு இருந்தது. அதைத் திருப்பவில்லை. மீதி நாலு கிலோமீட்டரை நடந்து போகிற வேகத்தில் ஓட்டினார். ஒவ்வொரு குழிக்கும் நின்று, இறங்கி, அடியில் பார்த்துவிட்டு ஏறினார்.

"சகல," என்றான் ஃபிரெட்ரிக் வழியில். "நீ ஆரன் அடிச்சப்போ வழி கேக்கறன்னு நெனச்சிக்கினேன். அறிவே இல்ல எனக்கு. ஆமா, உனக்கு எப்பிடித் தெரிஞ்சிச்சு?"

பவுல்சாமி ரோட்டைப் பார்த்தார். "சக்கரம் ஆடிச்சு. அதான்."

அது உண்மைதான், பாதி.

அருவியில் அனந்தராமன் கதை முழுவதையும் கேட்டார். ஃபிரெட்ரிக்கைக் கூப்பிட்டு எல்லோர் முன்னாலும் நிறுத்தினார். "காலங்கார்த்தால வண்டிக்கு அடியில குனிஞ்சு பாக்கத் தெரியாதவன் என்னய்யா டிரைவர்? பவுல்சாமி இல்லேன்னா இன்னிக்கு என்ன ஆயிருக்கும்? இனிமே இந்த வண்டி அவன்தான் ஓட்டுவான்." சாவியைப் பவுல்சாமியின் உள்ளங்கையில் வைத்தார்.

வாங்கிக்கொண்டார். இரண்டு வருஷம் கழித்து மர்சலினிடம் இதைச் சொன்னபோது அவர் மறைக்கவில்லை: "சந்தோஷமாத்தான் இருந்துச்சு மர்சி. ஆசையா வாங்கிக்கினேன்."

பதினோரு நாள் அந்த வண்டியை ஓட்டினார். நிதானமாக, அலுங்காமல் ஓடியது. ஷெட்டில் எல்லோரும் அவருக்கு வணக்கம் வைத்தார்கள். ஃபிரெட்ரிக்குக்குக் கட்டுப் போட்ட கையோடு ஸ்டோர் ரூமில் கேபிள் சுற்றும் வேலை. அவனுக்கு 'காட்டர் பின்' என்று பேர் வந்துவிட்டது. "காட்டர் பின்னு, டீ சாப்ட வரியா?" என்று லைட்மேன்கள் கூப்பிட, அவனும் சிரித்துக்கொண்டே போனான். ஒருநாள் பவுல்சாமியும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் லிண்டா உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது. "அவுரு சரியா சாப்புடறதே இல்ல மாமா. என்னாலதான், நான்தான் பாக்கலன்னு சொல்லிக்கினே கீறாரு. நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லுங்க மாமா. நீங்க சொன்னா கேப்பாரு."

பவுல்சாமி சட்டையைக்கூட மாற்றவில்லை. சைக்கிளை எடுத்தார். ஃபிரெட்ரிக்கின் வீடு அடையாறு பஸ் டெப்போவுக்குப் பின்னால். அவனை வெளியே கூப்பிட்டு, பாலம் வரைக்கும் நடத்திக்கொண்டு போனார். கீழே ஆறு கறுப்பாகக் கிடந்தது. பஸ்கள் போகும்போதெல்லாம் பாலம் அதிர்ந்தது.

"அந்தப் பின் இல்லன்றத நான் காலைலயே பாத்தேன்," என்றார். "டீக்கடையில."

ஃபிரெட்ரிக்குக்குப் புரியவில்லை. "எந்தக் காலைல?"

"அன்னிக்கு. உன்ன கூப்ட்டேன் பாரு. சொல்ல வந்தேன். சொல்லல."

"மறந்துட்டியா?"

மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அவனே வழி விட்டிருந்தான். பவுல்சாமி தலையாட்டினார். "இல்ல. வேணும்னுதான். நீ அவமானப்படணும்னு. பள்ளத்துல போவும்னு சத்தியமா நெனைக்கல. மாதா மேல ஆணை."

ஃபிரெட்ரிக் ஒரு எட்டு நெருங்கி வந்தான். அடிப்பான் என்று பவுல்சாமி எதிர்பார்த்தார். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றும் நினைத்தார்.

"லிண்டா மாசமா கீறா," என்றான் ஃபிரெட்ரிக். "அன்னிக்கே தெரியும். ஷூட்டிங் முடிஞ்சி வந்து உங்கிட்டதான் மொதல்ல சொல்லணும்னு இருந்தேன்." அதற்குப் பிறகு திரும்பி நடந்து போய்விட்டான்.

மறுநாள் காலை பவுல்சாமி அனந்தராமனின் மேஜைமேல் சாவியை வைத்து, அவரிடமும் சொன்னார். அனந்தராமன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இத ஏன்யா எங்கிட்ட வந்து சொல்றே? நான் இனிமே என்ன பண்றது? அவன் பாக்காதது தப்பு. நீ பாத்துட்டுச் சொல்லாதது அதவிடத் தப்பு." வேலையை விட்டு அனுப்பவில்லை. புது ஜெனரேட்டர் லாரியை ராயப்பேட்டையிலிருந்து வந்த மூன்றாவது டிரைவர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். பவுல்சாமி விளக்கு லாரிக்கே திரும்பினார். ஃபிரெட்ரிக்குக்குக் கை சரியானதும் ஒரு வேன் கிடைத்தது.

ஃபிரெட்ரிக் விஷயத்தை வீட்டில் சொல்லவில்லை. அதுதான் பவுல்சாமிக்குத் தாங்கமுடியாத தண்டனையாக இருந்தது. மந்தைவெளிக்குப் போனால் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. அக்காளும் தங்கையும் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனார்கள். குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது ஞானத்தகப்பனாக வேறு ஒருவரை நிறுத்தினான். பவுல்சாமி கடைசி பெஞ்சில் முட்டி போட்டிருந்தார்.

இரண்டு வருஷம் அப்படியே போனது. 1998-இல் ஃபிரெட்ரிக் கம்பெனியை விட்டு, சொந்தமாக ஒரு வேன் எடுத்தான். கொட்டிவாக்கத்திலிருந்து அடையாறு பள்ளிக்கூடங்களுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகும் வேலை. ஃபாதர் மந்திரித்துத் தீர்த்தம் தெளிக்க, சாந்தோமில் கோயில் வாசலில் வேனைக் கொண்டுவந்து நிறுத்தினான். பவுல்சாமி தெருமுனையில் நின்று பார்த்தார். அருகில் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது ஃபிரெட்ரிக்கே கை காட்டிக் கூப்பிட்டான்.

"இன்னா அங்கியே நிக்கற? வந்து பாரு."

பவுல்சாமி வேனை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "நல்லா கீது," என்றார்.

"ம்," என்றான் ஃபிரெட்ரிக். மகளைத் தூக்கி அவர் கையில் கொடுத்தான். "இவள கொஞ்சம் வெச்சிக்க. மெழுகுவர்த்தி வாங்கிக்கினு வரேன்."

அவ்வளவுதான் அவர்கள் சமாதானமானது. அதைப் பற்றி அப்புறம் பேசவில்லை.

வீட்டுக்கு வந்த பவுல்சாமி நாற்காலியில் உட்கார்ந்தார். மர்சலின் மெஷினில் ஒரு ஜாக்கெட்டுக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். அவர் அன்றைக்குத்தான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னார். டீக்கடை, பள்ளம், சாவி, பாலம். அவள் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள். கேட்டு முடித்தபின் கோபப்பட்டாள். பிறகு அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு நூலைக் கோக்கத் தொடங்கினாள்.

"இப்பவும் வயிறு எரியுது மர்சி," என்றார் பவுல்சாமி. "சொந்த வண்டி. யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்ல. கொழந்தைய கையில வெச்சிக்கினு நிக்கறப்போவே எரியுது. நான் இன்னா ஜென்மம்?"

மர்சலின் ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எனக்கு மட்டும் எரியாதா?"

"உனக்கா?"

"லிண்டா பொறந்ததுலேர்ந்து எரியுது. கோயில்ல மொதல் நன்மை வாங்கறப்போ அவளுக்குப் புது கவுனு, ஜரிகை வெச்சது. எனக்குப் பக்கத்து வூட்டு ரோசி அக்கா போட்ட பழசு. அவள கான்வென்டுல சேத்தாங்க, என்ன கார்ப்பரேஷன் ஸ்கூல்ல. எங்கப்பா மெரினாவுக்கு அவள மட்டும் தோள்ல தூக்கிக்கினு போவாரு. நான் நடக்கணும்." நூலைப் பல்லால் கடித்தாள். "கேக்கறியா, இன்னும் சொல்லட்டா? நெறைய கீது."

"சொல்லு," என்றார் பவுல்சாமி. நாற்காலியை மெஷினுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.